இலவச இடத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? பொறியியல் கட்டணச் சலுகை விதிகளின் பின்னணி

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் முன்னால் இன்று குறைந்தது நான்கு வகைக் கட்டணச் சலுகைகள் இருக்கின்றன. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான மத்திய, மாநில அரசுகளின் உதவித்தொகைக்கு உண்டு. ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டண விலக்கில் சேர்ந்தவர் பிறகு கல்லூரியை மாற்றிக்கொள்ள முடியாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விடுதிக் கட்டணம்கூட அடங்கும். முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணமே முழுவதும் அடங்காது. இவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு, ஒன்றையொன்று கேட்காத அலுவலகங்கள் வெவ்வேறு காலங்களில் தத்தம் போக்கில் எழுதிவைத்த விதிகள் என்றே தோன்றும். ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் ஒவ்வொரு விதியையும், அந்த இடத்துக்கான பணம் யார் கையிலிருந்து வருகிறது என்ற கேள்வியோடு படித்தால், புதிராகத் தெரியும் நிபந்தனைகள் பலவற்றுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

ஓர் இடம் மாணவருக்கு இலவசமாகலாம். ஆசிரியர் சம்பளமும் ஆய்வகச் செலவும் அப்படியே இருக்கும். அச்செலவை ஏற்கக்கூடியவர்கள் மூவர்தாம்: உடன் படிக்கும் மற்ற மாணவர்கள், கல்லூரி நிர்வாகம், அரசு. இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூன்று வழிகளையும் நடந்து பார்த்திருக்கிறது.

முதல் வழியைத் திறந்துவைத்தது உச்ச நீதிமன்றம். தனியார் தொழிற்கல்லூரிகள் வாங்கிய நன்கொடைக் கட்டணம் பற்றிய வழக்குகள் 1990களின் தொடக்கத்தில் அங்கே குவிந்தன. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் நன்கொடைக் கட்டணம் சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் நீதிமன்றம் ஒரு படி மேலே போய்த் தானே ஒரு திட்டத்தையும் வகுத்துக் கொடுத்தது. அதன்படி தனியார் கல்லூரியின் பாதி இடங்கள் மதிப்பெண் தகுதியில் அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கே வழங்கப்படும். மறு பாதி இடங்களுக்கு ஒரு குழு நிர்ணயிக்கும் உயர்ந்த கட்டணம் வாங்கப்படும். அக்காலத்து விண்ணப்பதாரர் வீடுகளில் புழங்கிய ‘ஃப்ரீ சீட்’, ‘பேமென்ட் சீட்’ என்ற சொற்கள் இந்தத் திட்டத்தின் பிள்ளைகள். அரசுக்கு இதில் செலவே இல்லை. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த இருவரில் ஒருவரின் கட்டணத்தில் ஒரு பகுதியை மற்றவரின் பெற்றோர் செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த மற்றவர் யார் என்பதில்தான் திட்டம் இடறியது. இலவச இடம் மதிப்பெண் தரவரிசையில் மேலே இருப்பவருக்குப் போயிற்று. தரவரிசையில் மேலே இருந்தவர்களில் நல்ல பள்ளியும் தனிப்பயிற்சியும் வாய்த்த நகரத்துப் பிள்ளைகள் மிகுதி. கிராமத்திலிருந்து வந்து சில மதிப்பெண்களில் பின்தங்கியவர் கட்டண இடத்தை எடுத்தார். அவருடைய தந்தை விற்ற நிலத்தின் பணத்தில் நகரத்து மருத்துவரின் மகன் சலுகைக் கட்டணத்தில் படிக்கும் நிலையும் உருவாயிற்று. 2002 அக்டோபர் 31 அன்று பதினொரு நீதிபதிகள் அமர்வு டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உன்னிகிருஷ்ணன் திட்டத்தை ரத்து செய்தபோது சொன்ன காரணங்களுள் இந்தத் தலைகீழ் நிலையும் ஒன்று. ஒரு மாணவரிடம் கூடுதலாக வாங்கி இன்னொரு மாணவருக்குக் கொடுப்பது நியாயமல்ல என்பதோடு, அப்படிக் கொடுப்பது உரியவருக்குப் போய்ச் சேரவுமில்லை. அடுத்த ஆண்டு இஸ்லாமிக் அகாடமி வழக்கில், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் கட்டணக் குழு அமைக்க உத்தரவு பிறந்தது. 2005இல் பி.ஏ. இனாம்தார் வழக்கு, அரசு உதவி பெறாத கல்லூரிகளின்மீது மாநில அரசு தன் இட ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. அதற்கு விடையாக 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, தனியார் கல்லூரிகளிலும் இட ஒதுக்கீடு செய்ய அரசுக்கு வழிவிடும் பிரிவு 15(5) சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியதோடு, சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களையும் அரசின் கலந்தாய்வுக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு ‘அரசு ஒதுக்கீட்டு இடம்’ என்பது அரசு நிரப்பும் இடம் மட்டுமே. அரசு பணம் கொடுக்கும் இடம் அன்று. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதத்தில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்த் திகைத்து நிற்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழியில் செலவு கல்லூரியுடையது. ஏஐசிடிஇயின் கல்விக் கட்டண விலக்குத் திட்டம் இவ்வகை. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 5 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்; அவ்விடங்களில் சேரும் மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது; பெற்றோரின் ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லூரிக்கு இதற்காக யாரும் எந்தத் தொகையும் தருவதில்லை.

அறுபது இடங்கள் கொண்ட ஒரு பிரிவில் இது மூன்று இடம். கலந்தாய்வு இடத்தின் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கல்லூரி ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாயை விட்டுக்கொடுக்கிறது. ஏற்கெனவே நிரம்பிய வகுப்பில் மூன்று நாற்காலி கூடுதலாகப் போடுவதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவுதான். ஆனால் வகுப்பில் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்றால் கணக்கு மாறிவிடும். அங்கே கட்டணமின்றிச் சேரும் மூவரும், திட்டம் இல்லாவிட்டால் கட்டணம் செலுத்தியே அதே கல்லூரியில் சேர்ந்திருக்கக்கூடியவர்கள். அதனால்தான் ஒரு பிரிவில் குறைந்தது 30 சதவீத இடங்கள், அதாவது அறுபதில் பதினெட்டு, நிரம்பினால் மட்டுமே இத்திட்டம் அதற்குப் பொருந்தும் என்று விதி சொல்கிறது. தகுதியுள்ளவர் கிடைக்காவிட்டால் அவ்விடத்தை வேறு யாருக்கும் தரக் கூடாது என்பதற்கும் காரணம் இதே வகையானது. தரலாம் என்றால், ஏழை மாணவர் பெயரில் அனுமதிக்கப்பட்ட கூடுதல் இடம், கட்டணம் வாங்கும் கூடுதல் இடமாக நழுவிவிடும். கல்லூரி மாறக் கூடாது என்ற தடை மாணவர்மீது காட்டும் கடுமையாகத் தெரிந்தாலும், அந்த மாணவரின் செலவைச் சுமப்பது அவர் சேர்ந்த கல்லூரிதான், வேறு கல்லூரி அன்று என்பதன் விளைவு அது.

இதன் பலவீனம் ‘கல்விக் கட்டணம்’ என்ற சொல்லின் எல்லைக்குள் இருக்கிறது. விலக்கு அதற்கு மட்டுமே. மற்றக் கட்டணங்களை மாணவரே செலுத்த வேண்டும் என்று விதியே வெளிப்படையாகக் கூறுகிறது. தன் கைப்பணத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு நிர்வாகம் அதைப் பயிற்சிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் என்ற வேறு தலைப்புகளில் திரும்ப எடுத்துக்கொள்ள நினைப்பது வியப்பில்லை. கண்காணிக்க வேண்டிய அரசுக்கோ, அதில் தன் பணம் இல்லாததால், கண்ணும் அவ்வளவாகப் போவதில்லை.

மூன்றாவது வழியில்தான் தமிழ்நாட்டின் முக்கியச் சலுகைகள் எல்லாம் இருக்கின்றன. அரசு பணம் கொடுக்கத் தொடங்கியதும் கேள்விகளும் மாறிவிடுகின்றன: எவ்வளவு, யாருக்கு, எந்தக் கணக்கில், எப்போது.

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து தொழிற்கல்விக்கு வரும் முதல் ஆளுக்கு இது கிடைக்கும். சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் படிப்பவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்ற அளவில் அரசு கல்லூரிக்குச் செலுத்துகிறது. மீதியைக் குடும்பம் செலுத்த வேண்டும். வருமான வரம்பு ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. பட்டம் பெறாத பெரிய வணிகரின் மகனுக்குச் சலுகை கிடைக்கும். மூத்த மகள் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்துவிட்ட ஒரு கட்டடத் தொழிலாளியின் இளைய மகனுக்குக் கிடைக்காது. இந்த அநீதி உண்மையானதுதான். ஆனால் மாதச் சம்பளம் வாங்காத பெரும்பான்மைக் குடும்பங்களில் வருமானச் சான்றிதழ் என்பது எவ்வளவு தளர்வான ஆவணம் என்பது வட்டாட்சியர் அலுவலகத்தை அறிந்த எவருக்கும் தெரியும். வருமானத்தை மறைப்பது எளிது. அண்ணன் பொறியாளராக வேலை பார்ப்பதை ஊரிலிருந்து மறைப்பது கடினம். கல்வி வழியாக வறுமையை அளக்கும் இந்த முறை முழுமையானது அன்று என்றாலும், வருமானம் வழியாக அளப்பதைவிடப் பொய்க்கு இடம் குறைவானது என்பது என் கருத்து.

இச்சலுகையில் இடறுபவர்களில் பலரை வீழ்த்துவது சான்றிதழ் அன்று, சேர்க்கை வழி. இது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்கு மட்டுமே உரியது. பிளஸ் டூ முடிவுகள் வந்தவுடனேயே சில கல்லூரிகளின் ஆட்கள் வீடு தேடி வந்து, கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் விரும்பிய பிரிவு கிடைக்காது என்று சொல்லி, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள். பிறகு கலந்தாய்வில் அதே கல்லூரியில் அதே பிரிவு காலியாக இருந்தாலும், முன்பணம் கட்டியவருக்கு அரசின் தொகை வராது. அரசின் பார்வையில் நிபந்தனை சரியானதே: தான் நிரப்பாத, தான் கட்டணம் நிர்ணயிக்காத இடத்துக்குப் பணம் கொடுத்தால் செலவுக்கு எல்லையே இருக்காது.

7.5 சதவீத ஒதுக்கீட்டின் கதை வேறு. அது பணத்தில் தொடங்கவில்லை, இடத்தில் தொடங்கியது. 2020இல் நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி மருத்துவப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் கலந்தாய்வு தொடங்கியதும், தனியார் மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்கள் சிலர் கட்டணம் செலுத்த வழியில்லாமல் அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். இடத்தைச் சட்டத்தால் கொடுத்துவிட்டுப் பணத்தைக் குடும்பத்திடம் கேட்டால் என்னவாகும் என்பது சில நாட்களிலேயே தெரிந்துபோயிற்று; கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. இந்த அனுபவம் பொறியியலுக்கு உதவியது. நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீட்டை நீட்டிக்கும் சட்டம் 2021 ஆகஸ்டில் நிறைவேறியது. அடுத்த மாதம் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்கை ஆணைகளை வழங்கிய விழாவிலேயே, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இந்த ஒதுக்கீடு தனிக் குவியல் அன்று. பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பங்குக்குள்ளும் 7.5 சதவீதம் குறுக்காக ஓடுகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்வர். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேரவில்லை. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் பக்கத்திலிருக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளி உதவி பெறும் பள்ளியாக இருப்பதையும், அங்கே படிப்பவர் அரசுப் பள்ளி மாணவரைவிட வசதியானவர் அல்லர் என்பதையும் பார்க்கும்போது, நான்கு சலுகைகளிலும் நியாயப்படுத்தக் கடினமான எல்லைக்கோடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளி மாணவியருக்கு என்று தொடங்கி, உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் பிற்பாடு நீட்டிக்கப்பட்டது. நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்ந்த தொகையில் அதே தாராளம் எளிதில் வராது.

எல்லாவற்றிலும் பழையதும் சிக்கலானதும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்விக்கான (போஸ்ட் மெட்ரிக்) உதவித்தொகை. சுதந்திரத்துக்கு முன்பே வேர்கொண்ட மத்திய அரசுத் திட்டம் இது. நடத்துவது மாநில அரசு. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை வெளியிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் திருப்பித்தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. ‘தொண்ணூற்று இரண்டு’ என்று எண்ணைச் சொன்னாலே மாணவர் அமைப்புகளிடையே விளங்கும் அளவுக்கு அந்த ஆணை பெயர்பெற்றது. இன்று வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை 2018இன் மத்திய வழிகாட்டு நெறிகள் விலக்கிவிட்டன; முதல் பட்டதாரிச் சலுகையில் பார்த்த அதே தர்க்கம்தான்.

மத்திய, மாநில அரசுகள் செலவைப் பிரித்துக்கொண்ட முறை நீண்ட காலம் விசித்திரமாக இருந்தது. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் முடிவில் ஆண்டுச் செலவு எவ்வளவோ, அந்தத் தொகை அடுத்த காலத்தில் மாநிலத்தின் கட்டாயப் பொறுப்பாகிவிடும். அதற்கு மேல் வளரும் செலவை மட்டும் மத்திய அரசு கொடுக்கும். எனவே எந்த மாநிலம் அதிக ஆதிதிராவிட மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பியதோ அந்த மாநிலத்தின் தலையில்தான் அடுத்த கணக்கில் பாரம் ஏறியது. தமிழ்நாடு, பஞ்சாப், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் கடிதம் எழுதின. 2020 டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பிட்டு, அதில் 35,534 கோடியை, அதாவது 60 சதவீதத்தை, மத்திய அரசு ஏற்கும் என்று முடிவு செய்தது. 2021-22 முதல் ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு 60:40 என்ற விகிதம் நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினருக்கான தனித் திட்டத்தில் விகிதம் 75:25.

அதோடு பணம் போகும் பாதையும் மாறியது. முன்பு அரசிடமிருந்து கல்லூரிக்குப் போன கட்டணத்தின் மத்தியப் பங்கு, இப்போது மாணவரின் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அதுவும் மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு. போலி மாணவர் பெயரில் கல்லூரிகள் பணம் எடுப்பதைத் தடுப்பது இதன் நோக்கம். சில மாநிலங்களில் அப்படி நடந்ததும் உண்மை. ஆனால் இதன் விளைவாகக் கல்லூரிக்கும் அரசுக்கும் இடையில் இருந்த கடன், கல்லூரிக்கும் மாணவருக்கும் இடையிலான கடனாகிவிட்டது. மாநிலத்தின் 40 தாமதமானால் மத்தியின் 60ம் தாமதமாகும். அதுவரை கல்லூரி கேட்பது மாணவரைத்தான். தேர்வு நுழைவுச்சீட்டு, மாற்றுச் சான்றிதழ் இரண்டும் கல்லூரியின் கையில் இருக்கும்வரை, சேர்க்கையின்போது முன்பணம் வாங்கக் கூடாது என்ற விதிக்குப் பாதி பலம்தான் இருக்கும்.

இதன் அடுத்த கட்டத்தைத் தெலுங்கு மாநிலங்களில் காணலாம். ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கும் கட்டணத்தைத் திருப்பித் தரத் தொடங்கியதும், பொறியியல் கல்லூரிகள் அங்கே மளமளவென்று முளைத்தன. செலவு தாங்காதபோது விதிகளில் வரம்புகள் முளைத்தன: நுழைவுத் தேர்வில் 10,000 தரவரிசைக்குள் வந்த பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு முழுக் கட்டணம், அவ்வகுப்பினரில் மற்றவருக்கு 35,000 ரூபாய் என்று தெலங்கானாவில் இன்றும் இருக்கிறது. இது உன்னிகிருஷ்ணன் திட்டத்தின் பழைய குறையைப் பின்வாசல் வழியாக மீண்டும் அழைத்துவருகிறது. ஜெகன்மோகன் ரெட்டி அரசு ஆந்திரத்தில் கட்டணத்தைத் தாய்மாரின் வங்கிக் கணக்கில் போட்டது; சில குடும்பங்களில் அது கல்லூரிக்குப் போய்ச் சேரவில்லை; 2024இல் வந்த அரசு மறுபடி கல்லூரிகளின் கணக்குக்கே மாற்றியது. தெலங்கானாவில் நிலுவை பெருகி, 2025 நவம்பரில் தனியார் கல்லூரிகள் காலவரையின்றிக் கதவடைத்தன. பணம் யார் கணக்கில் போனாலும், அது வராத மாதங்களில் சுமை மாணவர்மீதோ ஆசிரியர் சம்பளத்தின்மீதோ இறங்கிவிடுகிறது.

ஐஐடி, என்ஐடிகளில் இந்தச் சிக்கல் பெரிதும் இல்லை. 2016இல் ஐஐடியின் ஆண்டுக் கல்விக் கட்டணம் 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தபோதே, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஒரு லட்சத்துக்குள் வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்கு முழு விலக்கும், ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் அறிவிக்கப்பட்டன. நிறுவனத்தை நடத்துவதும் விலக்கு அளிப்பதும் ஒரே அரசு என்பதால் யாரும் யாருக்கும் பட்டியல் அனுப்ப வேண்டியதில்லை.

சுயநிதிக் கல்லூரிகளின் நிலையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சலுகைத் தொகைக்கு அடிப்படையான, கலந்தாய்வு இடங்களின் கல்விக் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநிலத்தின் கட்டணக் குழு; அந்தக் கட்டணத்தைப் பெரிய அளவில் செலுத்துவதும் மாநில அரசு. 2017இல் குழு நிர்ணயித்த கட்டணம் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாய், பெறாதவற்றுக்கு 50,000 ரூபாய். 2022இல் ஏஐசிடிஇ, இளநிலைப் பொறியியலின் குறைந்தபட்ச ஆண்டுக் கட்டணம் 79,600 ரூபாயாக இருக்க வேண்டும் என்றது. கல்லூரிகள் வரவேற்றன, தமிழ்நாடு ஏற்கவில்லை. ஏழைக் குடும்பங்களின் பக்கம் நிற்கும் முடிவு என்று இதைச் சொல்வதில் தவறில்லை. கூடவே அது கருவூலத்தின் பக்கமும் நின்றது: ஓர் இடத்துக்கு 29,600 ரூபாய் உயர்ந்தால், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அந்த உயர்வு முழுவதும் மாநிலத்தின்மீது விழும். ஆதிதிராவிடர் உதவித்தொகையில் 40 சதவீதம் விழும். முதல் பட்டதாரிச் சலுகையிலோ அரசின் தொகை நிலையானது. அரசாணை திருத்தப்படாவிட்டால் உயர்வு முழுவதும் குடும்பத்தின்மீதே விழும். ஏஐசிடிஇ விலக்கில் மாணவர்மீதும் விழாது, அரசின்மீதும் விழாது. எனவே கட்டண உயர்வு பற்றிய அறிவிப்பு எப்போது வந்தாலும், தொகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது முதல் பட்டதாரி ஆணையில் உள்ள 25,000 என்ற எண்ணும் அதே நாளில் மாற்றப்படுகிறதா என்பதுதான்.